நானோ காந்தத்தை ஆட்டுவது காந்தப்புலமா, எலக்ட்ரானின் ஸ்பின்னா?

2024 பிப்ரவரி 10, மாலை 6.05 (இழையைத் தொடங்கிய வாசகர்)

மின்னோட்டம் போகும் கம்பிக்கு அருகே வைத்த காந்த ஊசி திரும்பும் என்று ஓர்ஸ்டெட் 1820-இலேயே காட்டிவிட்டார். இன்று ஒரு காந்தத்தை நானோ அளவில் செய்து, அதன் வழியே மின்னோட்டத்தைச் செலுத்திவிட்டு, "ஆடுகிறது, ஆடுகிறது" என்று வியக்கிறார்கள். கம்பி சிறியது, காந்தமும் சிறியது, பெயர் மட்டும் நீளம்: ஸ்பின் முறுக்கு நானோ அலையியற்றி. மின்னோட்டம் காந்தப்புலத்தைத் தருகிறது, புலம் காந்தத்தை ஆட்டுகிறது. இதற்குமேல் இதில் ஏதாவது இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

2024 பிப்ரவரி 10, இரவு 9.40

இருக்கிறது. ஆட்டுவது புலம் அல்ல. இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே குழப்பத்தோடு நானும் ஓராண்டு குடித்தனம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தடித்த காந்த அடுக்கு ஒன்று. அதன்மேல் சில நானோமீட்டர் செம்பு. அதற்கும் மேல் 3 நானோமீட்டர் தடிமனில் மெல்லிய காந்த அடுக்கு. மூன்றையும் சேர்த்து 100 நானோமீட்டர் விட்டமுள்ள தூணாகச் செதுக்கி, அதன் வழியே மின்னோட்டம் செலுத்துகிறோம். ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் ஸ்பின்னால், அதாவது தன்னுள்ளேயே இருக்கும் தற்சுழற்சிப் பண்பால், கொஞ்சம் கோண உந்தத்தைச் சுமக்கிறது. சாதாரணச் செம்புக் கம்பியில் ஸ்பின்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் கூட்டினால் சுழிதான். தடித்த காந்த அடுக்கு ஒரு சல்லடை. தன் திசையில் ஸ்பின் உள்ளவற்றை எளிதாக விடும், மற்றவற்றைத் திருப்பி அனுப்பும். சலித்து வந்தவை மெல்லிய அடுக்குக்குள் நுழைந்து, ஓரிரு நானோமீட்டர் போவதற்குள் அந்த அடுக்கின் திசைக்கு மாறிவிடுகின்றன. திசை மாறினால் கோண உந்தக் கணக்கில் குறை விழும். அந்தக் குறையை யாராவது ஈடுகட்ட வேண்டுமே? மெல்லிய அடுக்குதான் ஈடுகட்டுகிறது. இதற்குப் பெயர்தான் ஸ்பின் முறுக்கு.

காந்தப்புலம் என்ற சொல்லே இந்தப் பத்தியில் வரவில்லை, கவனியுங்கள்.

2024 பிப்ரவரி 10, இரவு 10.15

எண்ணிக்கை கேட்பீர்கள். 1 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு வினாடிக்கு 62 கோடி கோடி எலக்ட்ரான்கள். ஒரு நானோ வினாடிக்கு 62 லட்சம். மேலே சொன்ன மெல்லிய அடுக்கில் இருப்பவை ஏறக்குறைய 21 லட்சம் அணுக்கள். ஆக, நானோ வினாடி ஒன்றில் அணு ஒன்றுக்கு மூன்று எலக்ட்ரான் வீதம் வந்து மோதிவிட்டுப் போகிறது. காந்தம் பெரிதாக இருந்தால் இந்த மோதலை உணரவே உணராது. நானோ அளவு என்பது இங்கே அலங்காரம் அல்ல.

ஓர்ஸ்டெட்டின் புலம் இந்த அளவில் தூசு. கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

2024 பிப்ரவரி 11, காலை 7.20

நேற்றைய கடைசி வரி தவறு. இழையைத் தொடங்கியவர் இரவோடு இரவாகக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். 50 நானோமீட்டர் ஆரமுள்ள தூணில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் அதன் விளிம்பில் புலம் 4 மில்லிடெஸ்லா. சரிதான். இதே மின்னோட்டத்தின் ஸ்பின் முறுக்கைக் காந்தப்புல அலகில் எழுதிப் பார்த்தேன். ஸ்பின் தளவிளைவு (ஒரே திசை ஸ்பின்கள் மிகுந்திருக்கும் அளவு) 30 விழுக்காடு, அடுக்கு நிக்கல்-இரும்புக் கலவையான பெர்மலாய் என்று வைத்துக்கொண்டால் 5 மில்லிடெஸ்லா வருகிறது.

4-க்கு 5. நான் தூசு என்று ஒதுக்கியதும் தலையில் வைத்துக் கொண்டாடியதும் ஏறக்குறைய ஒரே எடை. காலையில் எழுந்ததும் பார்க்க வேண்டிய செய்தியா இது.

2024 பிப்ரவரி 11, இரவு 8.50

நாள் முழுவதும் இதே நினைப்பு. விடை எனக்குத் தெரிந்ததுதான். நேற்று அதைத் தவறான இடத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டேன். எது பெரியது என்று கேட்பதில் பயனில்லை. எது எதனோடு மோதுகிறது என்று கேட்க வேண்டும்.

பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த பம்பரம் விழுந்துவிடாமல் அச்சைச் சுற்றித் தலையாட்டுகிறது. மெல்லிய அடுக்கின் காந்தமாக்கமும், அதாவது அதன் காந்தம் நோக்கும் திசையும், அப்படியே: புலத்தின் திசையிலிருந்து விலக்கிவிட்டால் அது நேராகத் திரும்பி வராது, புலத்தைச் சுற்றிக் கூம்பு வடிவில் தலையாட்டும். ஒரு தனி ஸ்பின்னுக்கு வேகம் டெஸ்லாவுக்கு 28 ஜிகாஹெர்ட்ஸ். மெல்லிய படலத்தில் அதன் சொந்தக் காந்தமாக்கமும் கணக்கில் சேர்வதால், வெளியிலிருந்து 100 மில்லிடெஸ்லா கொடுத்தால் பெர்மலாயில் 9 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் ஆடும்.

இந்தக் கூம்பின் விளிம்பில் நின்று பாருங்கள். புலம் தரும் முறுக்குவிசை உங்களை விளிம்போடு சுற்றவைக்கிறது. உள்ளேயும் தள்ளாது, வெளியேயும் தள்ளாது. ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சும் தணிப்பு உங்களை மையத்தை நோக்கி இழுக்கிறது. மின்னோட்டத்தைச் சரியான திசையில் செலுத்தினால், ஸ்பின் முறுக்கு உங்களை மையத்திலிருந்து வெளியே தள்ளுகிறது.

இப்போது எடை போடுவோம். ஓர்ஸ்டெட்டின் 4 மில்லிடெஸ்லாவுக்கு எதிரே நிற்பவை 100 மில்லிடெஸ்லா வெளிப்புலமும், படலத்தின் 1 டெஸ்லா சொந்தக் காந்தமாக்கமும். அது அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தும், அவ்வளவுதான். ஸ்பின் முறுக்கின் 5 மில்லிடெஸ்லாவுக்கு எதிரி தணிப்பு மட்டுமே. பெர்மலாயின் தணிப்பு எண் 0.01 அளவு. வெளிப்புலம் 0.1, சொந்தக் காந்தமாக்கத்தில் பாதி 0.5, இரண்டும் சேர்ந்து 0.6 டெஸ்லா, அதில் நூறில் ஒரு பங்கு 6 மில்லிடெஸ்லா. 5-க்கு 6. மின்னோட்டத்தை 1.2 மில்லி ஆம்பியராக்கினால் சமம், அதற்குமேல் போனால் தணிப்பு தோற்றது.

மின்னோட்டம் இல்லாவிட்டால் ஆட்டம் ஒரு நானோ வினாடியில், அதாவது ஒன்பது பத்துச் சுற்றுக்குள், மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 1.2 மில்லி ஆம்பியரைத் தாண்டியதும் அதே ஆட்டம் ஓயாமல் நடக்கிறது. இந்தத் துறை முழுவதும் இந்த வாசற்படியின் மேல்தான் நிற்கிறது.

ஸ்பின் முறுக்கு பெரியது அல்ல. அதன் எதிரி சிறியவன்.

2024 பிப்ரவரி 12, பகல் 1.30

ஊஞ்சல் உவமையை யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். பொருந்தாது. ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ள வேண்டும். தள்ளுபவருக்கு அதன் அதிர்வெண் தெரிந்திருக்க வேண்டும். இங்கே உள்ளே போவது மாறாத நேர்மின்னோட்டம், அதில் அதிர்வெண் என்று எதுவும் கிடையாது. புல்லாங்குழல் பொருந்தும். ஊதுபவர் வினாடிக்கு 440 முறை ஊதுவதில்லை. ஒரே சீராக ஊதுகிறார், எந்தச் சுருதி என்பதைக் குழல் முடிவுசெய்கிறது. இங்கே மூச்சு மின்னோட்டம், குழல் அந்த மெல்லிய அடுக்கு.

2024 பிப்ரவரி 12, இரவு 11.05

"சரியான திசை" எது என்ற கேள்விக்கு.

எலக்ட்ரான்கள் தடித்த அடுக்கிலிருந்து மெல்லிய அடுக்குக்குப் போனால்தான் ஆட்டம் வரும் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு அடுக்குகளும் ஒரே திசையில் காந்தமாகியிருந்தால் உண்மை நேர்மாறு. தடித்த அடுக்கில் சலித்து வருபவை மெல்லிய அடுக்கை அந்தத் திசையிலேயே இன்னும் இறுக்கி நிறுத்திவிடும். மெல்லிய அடுக்கிலிருந்து தடித்த அடுக்கை நோக்கி எலக்ட்ரான்களை அனுப்ப வேண்டும். அப்போது தடித்த அடுக்கு தனக்கு ஒவ்வாத ஸ்பின்களைத் திருப்பியடிக்கிறது. அப்படி விரட்டப்பட்டுத் திரும்பி வருபவைதான் மெல்லிய அடுக்கைக் குலைக்கின்றன.

என் முதல் மாதிரியில் மின்னோட்டத்தை ஒரு வாரம் தலைகீழாகச் செலுத்திக்கொண்டிருந்தேன். காந்தம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. தவறு தெரிந்து இணைப்பை மாற்றிய அன்று அளவிடும் திரையில் ஆட்டத்தின் முகடு வந்தது. தொடங்கிய வாசகருக்கு இதுவே நல்ல சோதனை: புலம்தான் காரணம் என்றால், திசையை மாற்றினால் விளிம்பில் சுற்றும் புலம் வலம் இடமாக மாறுமே தவிர, ஒரு திசையில் ஆட்டமும் மறு திசையில் அமைதியும் வருவதற்கு நியாயமே இல்லை.

2024 பிப்ரவரி 14, மாலை 5.45

வரலாறு கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக.

1996-இல் ஸ்லோன்செவ்ஸ்கியும் பெர்கரும் தனித்தனியே இதைத் தாளில் கணித்தார்கள். 1998-இல் ட்சோய் குழுவினர் உலோக அடுக்குகளின்மேல் ஊசிமுனையை வைத்து மின்னோட்டம் செலுத்தியபோது முதல் அறிகுறிகள் தெரிந்தன. 2003-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிசெலெவும் உடனிருந்தவர்களும் நானோ தூணிலிருந்து வரும் நுண்ணலையை நேராக அளந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு ரிப்பார்டின் குழு, படலத்தைச் செதுக்காமல் அதன்மேல் நானோ அளவுத் தொடுமுனை மட்டும் வைத்து அதையே செய்தது. இதற்கெல்லாம் அடித்தளமான மாபெரும் காந்தமின்தடை 1988-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஃபெர்ட்டுக்கும் க்ரூன்பெர்க்குக்கும் 2007-இல் நோபல் பரிசு வந்தது அதற்காகத்தான். காந்தமின்தடை இல்லாவிட்டால் ஆட்டம் நடக்கும், நமக்குத் தெரியாது. மெல்லிய அடுக்கு தலையாட்டும்போது தூணின் மின்தடை கூடிக் குறைகிறது. அதன் வழியே ஓடும் நேர்மின்னோட்டம் அந்த ஏற்ற இறக்கத்தை மின்னழுத்த அலையாக்கிக் கொடுக்கிறது. ஆட்டுவதும் அதே மின்னோட்டம், ஆட்டத்தைக் காட்டிக்கொடுப்பதும் அதே மின்னோட்டம்.

2024 பிப்ரவரி 16, இரவு 12.20

அளவிடுவது எப்படி இருக்கும் என்று ஒரு மாணவர் கேட்டார். கதையாகவே சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள். 1 மில்லி ஆம்பியர், மின்தடை மாற்றம் 0.1 ஓம். 0.1 மில்லி வோல்ட் வீச்சு. 50 ஓம் கம்பியில் இறக்கினால் சில பத்து பிக்கோவாட். இதைப் பெருக்கியில் ஏற்றி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறன் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்க்க வேண்டும். திரை முழுவதும் இரைச்சல் புல் முளைத்ததுபோல நிற்கும். அதில் ஒரு புல் மற்றவற்றைவிட அரை விரல் உயரம். அதுதான் நாம் தேடுவது. அல்லது அதுபோல் நடிக்கும் வேறு ஏதோ.

என்னிடம் நடித்தது 1.75 ஜிகாஹெர்ட்ஸில் வந்தது. கூர்மை, தெளிவு, பாடப்புத்தகப் படம்போல அழகு. இரண்டு நாள் மாலை முழுவதும் அதோடு கழித்தேன். மின்னோட்டத்தைத் தானாக ஏற்றி இறக்கிப் பதிவுசெய்யும்படி கருவியை விட்டிருந்தேன். மூன்றாம் நாள் பதிவுகளை விரித்துப் பார்த்தால் முகடு இடையிடையே காணாமல் போயிருக்கிறது. எந்த மின்னோட்டத்தில் மறைகிறது என்று தேடினேன், ஒழுங்கு எதுவும் இல்லை. எந்த நேரத்தில் மறைகிறது என்று பார்த்ததும் ஒழுங்கு பிடிபட்டது. நான் அறையைவிட்டு வெளியே போன நேரங்கள். முகடும் என்னோடு எழுந்து வெளியே போயிருக்கிறது.

சட்டைப்பையில் கைப்பேசி.

அதன் பிறகு எனக்கு நானே இரண்டு விதிகள் வைத்துக்கொண்டேன். மின்னோட்டம் சுழியானால் முகடு மறைய வேண்டும். வெளிக் காந்தப்புலத்தை மாற்றினால் முகடு நகர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் குப்பை. இந்த விதிகளால் பிழைத்தேன் என்றே சொல்வேன். அடுத்து வந்த நானோ தொடுமுனை மாதிரிகளில் 300 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு முகடு விடாமல் தலைகாட்டியது. புலத்தை எவ்வளவு திருகினாலும் ஏறக்குறைய அங்கேயே நின்றது. யோசிக்காமல் குப்பை என்று எழுதிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போனேன்.

2024 பிப்ரவரி 16, காலை 8.10

நேற்று விட்டது: பிக்கோவாட் போதாது என்பதால்தான் செம்புக்குப் பதிலாக மெக்னீசியம் ஆக்சைடு வந்தது. அது மின்கடத்தாப் பொருள். 1 நானோமீட்டர் அளவு தடிமன் இருந்தால் எலக்ட்ரான்கள் ஊடுருவிப் போகும். மின்தடை மாற்றம் பல மடங்கு பெரிது. திறன் மைக்ரோவாட்டை எட்டியது. விலையும் உண்டு. அந்த 1 நானோமீட்டர் தடுப்பு 1 வோல்ட் அளவிலேயே திணறும். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, அதில் சேர்ந்த நிலைமின்னோடு வந்து மாதிரியைத் தொட்டால் முடிந்தது. ஒரே பிற்பகலில் ஏழு மாதிரிகளை இப்படி வழியனுப்பியவர்களில் நானும் ஒருவன். எட்டாவதைத் தொடும்முன் மணிக்கட்டுப் பட்டையை நிலத்தோடு இணைக்கக் கற்றுக்கொண்டேன்.

2024 பிப்ரவரி 18, இரவு 9.30

"அதிர்வெண்ணை மின்னோட்டத்தாலேயே மாற்றலாம், இதைவிட வேறென்ன வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இளமையில் நானும் இப்படித்தான் எழுதினேன். உண்மைதான்: ஆட்டத்தின் வீச்சு கூடினால் அதிர்வெண் மாறும், வீச்சை மின்னோட்டம் தீர்மானிக்கும், ஆகவே மின்னோட்டத்தைத் திருகினால் சுருதி மாறும். வானொலி தயாரிப்பவர் காதில் தேன்.

ஆனால் வீச்சை மாற்றுவது மின்னோட்டம் மட்டும் அல்ல. அறை வெப்பத்தில் அந்த 21 லட்சம் அணுக்களும் சும்மா இருப்பதில்லை. வெப்பம் வீச்சை நடுக்குகிறது, வீச்சின் நடுக்கம் அதிர்வெண்ணின் நடுக்கமாகிறது. எது வரமோ அதுவே சாபமாகவும் வருகிறது. என் தூண் மாதிரிகளில் 9 ஜிகாஹெர்ட்ஸ் முகடு 50 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் உட்கார்ந்திருந்தது. கடிகாரங்களில் அசையாத அதிர்வெண் தரும் குவார்ட்ஸ் படிகத்தோடு பழகியவர்களுக்கு இதைக் காட்டினால் சிரித்துவிடுவார்கள். சிரித்தார்கள்.

2024 பிப்ரவரி 19, காலை 10.00

ஒன்றுக்கு நடுக்கம் என்றால் பலவற்றைக் கைகோக்க விடலாமே என்று கேட்கிறார்கள். செய்தார்கள். 1665-இல் ஹைகன்ஸ் ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே ஒத்து ஆடுவதைக் கண்டார். 2005-இல் காக்கா குழுவும் மேன்காஃப் குழுவும் தனித்தனியே, ஒரே படலத்தில் அருகருகே வைத்த இரண்டு நானோ தொடுமுனைகளில் அதே காட்சியைக் கண்டார்கள். காக்கா குழுவின் தொடுமுனைகளுக்கு இடையே 500 நானோமீட்டர். கடிகாரங்களுக்குச் சட்டம் தூது போனதுபோல இங்கே படலத்தில் பரவும் ஸ்பின் அலை தூது போகிறது. இரண்டு சம அலைகள் கட்டம் ஒத்துக் கூடினால் வீச்சு 2 மடங்கு, திறன் 4 மடங்கு. கட்டத்தில் எந்தத் தொடர்பும் இல்லாமல் கூடினால் திறன் 2 மடங்குதான். 2020-இல் 8-க்கு 8 வரிசையில் 64 அலையியற்றிகள் ஒத்து ஆடின.

காக்கா என்ற பெயரைப் பார்த்துச் சிரித்த நண்பருக்கு: அது உண்மையான குடும்பப் பெயர். கருத்தரங்கில் நானும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

2024 பிப்ரவரி 19, இரவு 10.40

அந்த 64-ம் தூண்கள் அல்ல என்று இப்போதுதான் உறைத்தது. என் முதல் குறிப்பைத் திருத்தியாக வேண்டும். காந்தத்தின் ஊடாக மின்னோட்டம் மேலிருந்து கீழாகப் போக வேண்டும், சல்லடைக்கு இன்னொரு காந்தம் வேண்டும் என்ற தோற்றத்தைக் கொடுத்துவிட்டேன். தேவையில்லை. பிளாட்டினம், டான்டலம் போன்ற கனமான உலோகத்தில் மின்னோட்டம் பக்கவாட்டில் ஓடினால், ஒரு ஸ்பின் உள்ளவை மேற்பரப்புக்கும் எதிர் ஸ்பின் உள்ளவை அடிப்பரப்புக்கும் ஒதுங்குகின்றன. ஸ்பின் ஹால் விளைவு. டியாகோனோவும் பெரெலும் 1971-இல் கணித்தது. அந்த உலோகத்தின்மேல் காந்தப் படலத்தைப் போர்த்திவிட்டால், மின்னேற்றம் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்க, ஸ்பின் மட்டும் மேலே ஏறும். 2012-இல் டெமிடோவ் குழு பிளாட்டினத்தோடு பெர்மலாயை ஒட்டவைத்து, இரண்டு கூரிய தங்க முனைகளால் மின்னோட்டத்தை நடுவில் குவித்து, ஆட்டத்தை லேசர் ஒளியின் சிதறலால் பார்த்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி: மேலே இருக்கும் காந்தம் மின்சாரத்தைக் கடத்தவே வேண்டியதில்லை. யிட்ரியம் இரும்பு கார்னெட் என்ற மின்கடத்தாக் காந்தத்திலும் பிளாட்டினத்தைக் கொண்டு ஆட்டம் எழுப்பியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு எலக்ட்ரான்கூட ஓடவில்லை. கோண உந்தம் மட்டும் வாசலில் கைமாறுகிறது.

2024 பிப்ரவரி 22, மாலை 4.15

பயன் என்ன, பயன் என்ன என்று மூன்று பேர்.

2017-இல் ஒரே ஒரு அலையியற்றியை நேரத்தில் பங்கிட்டு 400 நரம்பணுக்களாக நடிக்கவைத்து, பேசிய எண்களை 99.6 விழுக்காடு சரியாக அடையாளம் காணவைத்தார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர்வலம் போகாதீர்கள். ஒலியைச் செவியின் பாணியில் முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கும் வடிகட்டி, வேலையின் பெரும்பங்கை முடித்துவிட்டுத்தான் காந்தத்திடம் ஒப்படைக்கிறது. எனக்கு அதில் பிடித்தது வெற்றி விழுக்காடு அல்ல. இத்தனை நடுக்கமுள்ள பொருள் ஒரே கேள்விக்கு ஒரே விடையைத் திரும்பத் திரும்பத் தந்ததுதான்.

ஸ்பின் முறுக்கை வைத்துப் பிழைப்பது நினைவகம். அங்கே காந்தம் ஓயாமல் ஆட வேண்டியதில்லை, ஒரு முறை கவிழ்ந்தால் போதும். சந்தைக்கு வந்துவிட்டது. அலையியற்றி இன்னும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை.

2024 பிப்ரவரி 22, இரவு 9.00

வந்துவிட்டது என்று திருத்துகிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். தோஷிபா 2021-இல் அறிவித்த 18 டெராபைட் வன்தட்டின் எழுதும் தலையில் ஸ்பின் முறுக்கு அமைப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு வால் மட்டும் சேர்க்கிறேன்: முதலில் முன்வைத்த திட்டம், அது நுண்ணலையை வீசித் தட்டிலுள்ள துகள்களை இளக்க வேண்டும் என்பது. விற்பனைக்கு வந்ததில் முக்கிய வேலை, எழுதும் புலத்தைச் செறிவாக்குவது. அலையியற்றியாகப் படித்துப் பட்டம் வாங்கி, வேறு வேலையில் சேர்ந்திருக்கிறது.

2024 மார்ச் 2, இரவு 11.50

ஒரு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. வந்து பார்த்தால், தொடங்கிய வாசகர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "தூணில் சரி. நானோ தொடுமுனையில் பல பத்து மில்லி ஆம்பியர் செலுத்துகிறீர்களே, அங்கேயும் ஓர்ஸ்டெட் சும்மாவா இருக்கிறார்?"

கணக்குப் போட்டேன். 100 நானோமீட்டர் ஆரம், 26 மில்லி ஆம்பியர். விளிம்பில் 52 மில்லிடெஸ்லா. இதை 4 மில்லிடெஸ்லாவோடு சேர்த்து ஓரமாக ஒதுக்க முடியாது. அங்கே புலம் வட்டமாகச் சுற்றுகிறது. படலத்தின் காந்தமாக்கமும் அதைப் பார்த்துத் தொடுமுனையைச் சுற்றி வட்டமிடத் தொடங்கி, காந்தச் சுழல் ஒன்று உருவாகிவிடலாம். அப்படி உருவான சுழலின் கருவை ஸ்பின் முறுக்கு வெளியே தள்ளும், ஓர்ஸ்டெட் புலம் நடுவை நோக்கி இழுக்கும். இரண்டுக்கும் இடையே அது தொடுமுனையைச் சுற்றி வலம் வரும். அதிர்வெண் சில நூறு மெகாஹெர்ட்ஸ். வெளிப்புலத்தைவிட மின்னோட்டமே அதை அதிகம் நகர்த்தும், ஏனென்றால் அதைக் கட்டிவைத்திருக்கும் கயிறே மின்னோட்டத்தின் புலம்தான். இதை 2008-இலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள், நானும் படித்திருக்கிறேன். படித்தது ஒரு பெட்டியிலும் என் மாதிரி இன்னொரு பெட்டியிலும் இருந்திருக்கின்றன.

ஆட்டுவது புலம் அல்ல என்பதில் இன்னும் நிற்கிறேன். ஆனால் எந்தப் பாதையில் ஆட வேண்டும் என்று புலம் கோடு போட்டுக் கொடுக்கும் இடமும் உண்டு. முதல் குறிப்பின் முதல் வரியை அவ்வளவு முறுக்காக எழுதியிருக்க வேண்டாம்.

2024 மார்ச் 3, காலை 6.30

தூக்கம் வரவில்லை. பழைய ஆய்வக நோட்டை எடுத்தேன். தொடுமுனை மாதிரிகளின் பக்கம், என் கையெழுத்தில் மூன்று வரிகள்: 22 மில்லி ஆம்பியருக்கு 281 மெகாஹெர்ட்ஸ், 24-க்கு 290, 26-க்கு 298. எதிரே பெரிய எழுத்தில் "குப்பை. புலத்தோடு நகரவில்லை."

மின்னோட்டத்தோடு நகர்ந்திருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறேன், பார்க்கவில்லை.

குப்பை என்ற சொல்லை அடித்துவிட்டு, இன்றைய தேதியைப் போட்டு, ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறேன். அந்த மாதிரி உலர்பெட்டியின் அடித்தட்டில் இன்னும் கிடக்க வேண்டும். திங்கட்கிழமை எடுத்துப் பார்க்கிறேன், மணிக்கட்டுப் பட்டையோடு.